மறுபதிப்பில் தொலைந்த ஆட்டம்

சென்ற கல்வியாண்டில் முதுகலை வகுப்பொன்றில் சங்கநூல் உரை ஒன்றை மறுபதிப்பு நூலைக் கொண்டு நடத்த நேர்ந்தது. பதிப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், முகப்பில் பொன்னெழுத்து. உள்ளே புரட்டினால், பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியபோது நேர்ந்த பிழைகள் வரிக்கு வரி நின்றன. ஔவையாரின் முதலெழுத்து எல்லாப் பக்கங்களிலும் ஒகரமாகவும் ளகரமாகவும் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பாடவேறுபாடுகள் அடிக்குறிப்புகளோடு சேர்ந்து காணாமற்போயிருந்தன. அரும்பத அகராதியும் இல்லை. பழைய பதிப்போ கடைகளில் கிடைப்பதில்லை. எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரே ஒரு படி, முதுகு கிழிந்து, நூல் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் சொன்னார்: “ஐயா, இது ரீமாஸ்டர் பண்றேன்னு கெடுத்து வச்ச கேம் மாதிரி இருக்கு. பழசையே விட்டிருக்கலாம்.”

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாணவர் பிறப்பதற்கு முன்பே நாம் அறிமுகம் செய்துகொண்ட ஒரு வியூக விளையாட்டின் கதையை அவர் தொட்டுவிட்டார். பதிப்பு வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் நாம், கணினி விளையாட்டுகளுக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு என்பதை எழுத்தில் வைத்ததில்லை. இலக்கிய நண்பர்கள் கூடும் இடத்தில் இதென்ன விளையாட்டுப் பேச்சு என்று எவரும் முகம் சுளிக்க வேண்டாம். மூலம் யாருக்குச் சொந்தம், அதைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு என்ற நம்முடைய பழைய வழக்குதான் இது.

கல்லில் செதுக்கிய பலகை

விளாத்திகுளம் கரிசல் பூமி. மிளகாயும் பருத்தியும் கம்பும் விளையும் காடுகளுக்கு நடுவே, பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் வைப்பாற்றின் கரையில் இருக்கும் ஊர். கிழக்கே போனால் வேம்பாரும் வைப்பாறும் கடலும் வரும். இந்தப் பகுதியின் கோயில் மண்டபங்களில் அமர்ந்து பழகியவர்களுக்குத் தரைக்கல்லில் செதுக்கியிருக்கும் ஆடுபுலி ஆட்டக் கட்டம் தெரிந்திருக்கும். புலி மூன்று, ஆடு பதினைந்து. எல்லா ஆடுகளையும் இறக்கி முடிக்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலியோ இடையிலேயே வெட்டத் தொடங்கலாம். எளியவை பல சேர்ந்து வலியதைச் சூழ்ந்து முடக்கும் வியூகத்தை எந்த நூலும் இல்லாமல் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதில் கற்றார்கள்.

அந்த ஆட்டத்திற்கு உரிமையாளர் எவரும் இல்லை. கட்டம் தேய்ந்தால் வேறொரு கல்லில் கரித்துண்டால் வரைந்துகொள்ளலாம். விதி மறந்தால் பக்கத்துத் தெருவில் கேட்டுக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் விதி சற்றே மாறும். அதை யாரும் பிழை என்று சொன்னதில்லை.

நாம் இரண்டாவதாகக் கற்ற வியூக ஆட்டம் இதற்கு நேர்மாறானது. ஆண்டு 2002. முதுகலை மாணவர்களாக இருந்த நண்பர்கள் நால்வர், விடுமுறை நாட்களில் எட்டயபுரம் வழியாகப் பேருந்து ஏறிக் கோவில்பட்டிக்குப் போவோம். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர். கணினிகளை ஒன்றோடொன்று கம்பியால் இணைத்திருந்தார்கள். அதில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் ஆடுவோம். குடியானவர்களைக் கொண்டு உணவும் மரமும் பொன்னும் கல்லும் சேர்த்து, இருண்ட காலத்திலிருந்து பேரரசுக் காலம் வரை நான்கு படிகள் ஏறி, கோட்டை கட்டிப் போரிடும் ஆட்டம். என்சம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் 1999 செப்டம்பரில் வெளியிட்டது. 2000 ஆகஸ்டில் ‘தி காங்கரர்ஸ்’ என்ற விரிவாக்கம் வந்தது. இரண்டிலும் சேர்த்து 18 நாகரிகங்கள். பிரித்தானியர், துருக்கியர், சீனர், ஆஸ்டெக்கியர் எல்லாரும் உண்டு. இந்தியாவிலிருந்து எவரும் இல்லை. நாங்கள் பாரசீகரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய போர்யானைகளைப் பாண்டியர் யானைகள் என்று பாவித்துக்கொண்டு ஆடினோம்.

கைவிடப்பட்ட நூலும் அதைக் காத்தவர்களும்

அந்த ஆட்டத்தின் உள்ளே ஒரு நுட்பம் உண்டு. ஒரே நேரத்தில் எட்டுப் பேர் ஆடலாம். ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கணக்கான வீரர்கள். அத்தனை வீரர்களின் இருப்பிடத்தையும் அன்றைய தொலைபேசி மோடம் வழியே அனுப்ப இயலாது. எனவே அவர்கள் ஆணைகளை மட்டும் அனுப்பினார்கள். இந்தப் படையை அங்கே நகர்த்து என்ற செய்தி எல்லாக் கணினிகளுக்கும் போகும். ஒவ்வொரு கணினியும் முழுப் போரையும் தனித்தனியே கணக்கிட்டுக்கொள்ளும். எல்லாக் கணக்கும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஏட்டை எட்டுப் பேர் எட்டு ஊரில் படியெடுப்பதைப் போன்றது இது. ஒருவர் ஓரெழுத்துப் பிழைத்தாலும் ஆட்டம் முறியும். ஒருவர் தாமதித்தால் அனைவரும் காத்திருக்க வேண்டும்.

2006இல் மைக்ரோசாஃப்ட் தன் இணைய ஆட்டக்கூடத்தில் குறுந்தகட்டு விளையாட்டுகளுக்கான சேவையை நிறுத்தியது. 2009 தொடக்கத்தில் என்சம்பிள் ஸ்டுடியோஸ் மூடப்பட்டது. வணிகக் கணக்கில் அந்த ஆட்டம் அத்துடன் முடிந்தது. ஆடியவர்கள் அப்படிக் கருதவில்லை. அவர்களே நடத்திய தளங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். வூப்ளி என்ற தளம் அவர்களின் தலைநகரானது. மூல நிரல் கையில் இல்லாமலேயே ‘யூசர்பேட்ச்’ என்ற திருத்தத்தைச் செய்து, புதிய அகலத்திரைகளில் ஆட்டம் ஓடவும் பழைய பிழைகள் நீங்கவும் வழிசெய்தார்கள். கிடைத்த சிதைந்த ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு மூலபாடத்தை ஊகித்த நம் பதிப்பாசிரியர்களின் வேலைக்கு இது எவ்வகையிலும் குறைந்ததில்லை.

2013 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட், ஹிட்டன் பாத் என்ற நிறுவனத்தைக் கொண்டு ‘எச்டி எடிஷன்’ என்ற மறுபதிப்பை வெளியிட்டது. படம் தெளிவாக இருந்தது. பலர் சேர்ந்து ஆடும்போது தாமதமும் முறிவும் மிகுந்திருந்தன என்பதே அன்று எங்கும் எழுந்த முறையீடு. மேலே சொன்ன நுட்பத்தை நினைவில் கொண்டால் இதன் கொடுமை புரியும். அந்த ஆட்டத்தின் உயிர்நாடி ஒத்திசைவு, சிதைந்தது அதுதான். தேர்ந்த ஆட்டக்காரர்களில் பெரும்பகுதியினர் பழைய பதிப்பிலும் வூப்ளியிலும் தங்கிவிட்டார்கள்.

ஆனால் புதிய விரிவாக்கங்களும் புதிய நாகரிகங்களும் மறுபதிப்புக்கே வந்தன. அவை வேண்டும் என்றால் தாமதத்தைச் சகிக்க வேண்டும். வேகம் வேண்டும் என்றால் அவற்றைத் துறக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்த்தது 2017இல் ஆர்வலர்கள் செய்த ‘வொலோலோ கிங்டம்ஸ்’. (முதல் பாகத்தில் எதிரியைத் தன் பக்கம் மாற்றும் பூசாரி எழுப்பும் ஒலிதான் வொலோலோ.) மறுபதிப்பின் புதிய உள்ளடக்கத்தை அது பழைய ஆட்டத்திற்குள் கொண்டுவந்தது. மறுபதிப்பை விலைகொடுத்து வாங்கியவர் மட்டுமே அதை நிறுவ இயலும் என்று வைத்தார்கள். யாருடைய வருவாயையும் களவாடாமல், வாங்கியவருக்கு வாங்கிய பொருளைப் பயன்படுமாறு செய்து கொடுத்தார்கள்.

திராவிடர் வந்த வழி

இந்தக் கதையில் நமக்கு நெருக்கமான கிளை ஒன்று உண்டு. 2012 டிசம்பரில் ஆர்வலர் குழு ஒன்று ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற விரிவாக்கத்தைத் தானாகவே செய்து இலவசமாக வெளியிட்டது. அதில் ஐந்து புதிய நாகரிகங்கள். அவற்றுள் ஒன்று இந்தியர். பெருநிறுவனம் பதின்மூன்று ஆண்டுகளாகச் செய்யாததை ஊதியமில்லாத ஆட்டக்காரர்கள் செய்தார்கள். 2013 நவம்பரில் அதுவே ‘தி ஃபர்காட்டன்’ என்ற பெயரில் அதிகாரப்பூர்வ விரிவாக்கமானது. ஆர்வலர் குழு நிறுவனமாக வளர்ந்தது. 2019 நவம்பரில் வெளிவந்த ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ என்ற இரண்டாம் மறுபதிப்பில் தலைமைப் பங்கு அவர்களுடையதே. அதுவும் தொடக்கத்தில் குறைகளோடுதான் வந்தது. ஆனால் திருத்திக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு துணைக்கண்டத்தையே ஒற்றை நாகரிகமாக அடைத்ததும் ஒரு பிழைதானே? 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ அதைத் திருத்தியது. இந்தியர் என்ற பெயர் நீங்கி இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என நால்வர் ஆனார்கள். இராசேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புக் கதையும் வந்தது. திராவிட வீரனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். கோவில்பட்டியில் பாரசீக யானையைப் பாண்டியர் யானையாக்கிக்கொண்ட நால்வரில் ஒருவர் இன்று சிங்கப்பூரில் இருக்கிறார். அந்தக் குரலைக் கேட்ட இரவு அவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்துச் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

திராவிடரின் இயல்புகளை வகுத்தவர்கள் கடலைக் கவனித்திருக்கிறார்கள். மீனவர்களும் மீன்பிடி படகுகளும் மிகுதியாகச் சுமக்கும். ஒவ்வொரு துறையும் மக்கள்தொகை வரம்பை ஐந்து கூட்டும். ‘திரிசடை’ என்ற பெரும் மரக்கலம் உண்டு. கொற்கையின் முத்துக் குளிப்பைக் கிரேக்க மாலுமியின் குறிப்பில் படித்த நமக்கு இது உவப்பானது. தரைப்போரின் முதுகெலும்பான கவசக் குதிரைவீரர் மட்டும் திராவிடருக்குக் கிடையாது. இதைக் குறை என்று சிலர் வாதிட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம் காயல் துறைக்கு வந்து இறங்கிய குதிரைகளைப் பற்றியும், பாண்டியர் அவற்றுக்குக் கொட்டிக் கொடுத்த பொன்னைப் பற்றியும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். குதிரை வளராத மண்ணில் குதிரை அரிதாக இருப்பது வரலாற்றுக்கு இசைந்ததே என்பது நம் கட்சி. ஒரு சொற்பிழையும் நம் கண்ணில் பட்டது. சுருள்வாள் வீரருக்கு மலையாள வழக்கை ஒட்டி ‘உருமி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம்மூர்க் காதில் அது கொட்டுமேளமான உறுமியாகத்தான் விழும். இப்படிக் குறை சொல்ல முடிவதே ஒரு மகிழ்ச்சி. இல்லாத ஒன்றில் குறை காண இயலாதல்லவா?

பழைய பதிப்பைப் பறித்துக்கொள்ளுதல்

பிழையான மறுபதிப்பு வருத்தம் தருவது. பழைய பதிப்பை இல்லாமல் ஆக்கும் மறுபதிப்பு வேறு வகை.

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் மூன்றாம் பாகம் 1999இல் வந்தது. அதை வெளியிட்ட த்ரீடிஓ நிறுவனம் 2003இல் நொடித்தது. உரிமை யூபிசாஃப்டுக்குப் போனது. 2015 ஜனவரியில் எச்டி மறுபதிப்பு வெளியானபோது இரண்டு விரிவாக்கங்களும் அதில் இல்லை. அவற்றின் மூல நிரல் பயன்படுத்தும் நிலையில் கிடைக்கவில்லை என்பதே காரணம். இரண்டு காண்டங்களை விட்டுவிட்டு அச்சிட்ட காப்பியம் என்று வைத்துக்கொள்ளலாம். ரஷ்ய ஆர்வலர்கள் முன்னின்று 2011 இறுதியில் வெளியிட்ட ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’ என்ற விரிவாக்கமோ கடற்கொள்ளையர் நகரம் ஒன்றையே புதிதாகச் சேர்த்தது. 2023 இறுதியில் இன்னொரு நகரத்தையும் தந்தது. அங்கே தோற்ற மறுபதிப்பு யாரையும் எதையும் இழக்கச் செய்யவில்லை. பழையது பழையபடி இருந்தது.

வார்கிராஃப்ட் மூன்றாம் பாகத்தில் நடந்தது அதுவன்று. 2002இல் வந்த அந்த ஆட்டத்தோடு, ஆடுபவரே புதிய களங்களை வரைந்துகொள்ளும் கருவியும் தரப்பட்டது. அந்தக் கருவியால் ஆர்வலர்கள் 2003இல் படைத்ததுதான் டோட்டா. அதிலிருந்து ஒரு புதிய விளையாட்டு வகையே கிளைத்தது. வால்வ் என்ற வேறொரு நிறுவனம் 2013இல் டோட்டா 2 வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டியது. தன் வீட்டுத் திண்ணையில் பிறந்த குழந்தை அடுத்த வீட்டில் வளர்ந்ததை ப்ளிசார்ட் மறக்கவில்லை. 2018 நவம்பரில் ‘ரீஃபோர்ஜ்டு’ என்ற மறுவார்ப்பை அறிவித்தது. புதிதாக இயக்கிய காட்சிகள் நான்கு மணி நேரத்திற்கு மேல் வரும் என்று அப்போது சொல்லப்பட்டது.

2020 ஜனவரி 28 அன்று வெளியானதில் அந்தக் காட்சிகள் அவ்வாறு வரவில்லை. தரவரிசை ஆட்டமும் குழுக்களும் ஆட்டக்காரர் விவரங்களும் பழைய ஆட்டத்தில் இருந்தவை, புதியதில் இல்லை. பழைய தகட்டை வாங்கி வைத்திருந்தவர் இணையத்தில் ஆட வந்தால் அவருடைய ஆட்டமும் புதிய வடிவத்திற்கு மாற்றப்பட்டது. புதியதை வாங்காதவரும் பழையதை இழந்தார். போதாக்குறைக்கு, ஆடுபவர் படைக்கும் களங்கள் அனைத்தும் நிறுவனத்தின் உடைமை என்ற விதியும் வந்தது. இன்னொரு டோட்டா கைநழுவக் கூடாது என்பதே இதன் உட்பொருள் என்று எவரும் விளங்கிக்கொள்ளலாம். எதிர்ப்பு வலுத்தது, நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ஒதுக்கிய பணமும் திட்டமிடலும் போதாமையே வீழ்ச்சிக்குக் காரணம் என்று ப்ளூம்பெர்க் 2021 ஜூலையில் உள்விவரங்களோடு எழுதியது.

இல்லாமற்போன தரவரிசையை ஆர்வலர்கள் ‘டபிள்யூ 3 சாம்பியன்ஸ்’ என்ற பெயரில் அதே 2020இல் தாங்களே அமைத்தார்கள். நிறுவனம் அதை மீண்டும் தந்தது 2022இல். இடைப்பட்ட காலத்தில் அந்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர்களுக்கு ஊதியமும் இல்லை, உரிமையும் இல்லை.

இதே நிறுவனம் 2017இல் ஸ்டார்கிராஃப்டை மறுவார்ப்புச் செய்தபோது ஆட்டத்தின் இயல்பை மாற்றவில்லை. பழைய ஆட்டத்தை இலவசமாகவும் கொடுத்தது. கமாண்ட் அண்ட் காங்கர் மறுபதிப்பு 2020 ஜூனில் வந்தபோது ஆர்வலர்களை அழைத்துக் கலந்துபேசினார்கள். ஆட்டவிதிகள் அடங்கிய மூல நிரலைப் பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். 2007 முதலே ‘ஓப்பன் ஆர்ஏ’ என்ற பெயரில் அந்த ஆட்டங்களைத் திறமூல நிரலாக ஆர்வலர்கள் திரும்பக் கட்டி வந்ததை எவரும் தடுக்கவும் இல்லை. ஆகவே நல்ல மறுபதிப்பு இயலாத செயல் என்று சொல்வதற்கில்லை. மூலத்தை மதித்து, பழையதை வாசகர் கையில் விட்டுவைத்த இடங்களில் அது நடந்திருக்கிறது.

எட்டயபுரத்தின் பாடம்

உரிமை என்றதும் எங்கள் பக்கத்து ஊர்க்காரரைச் சொல்லாமல் இருக்க இயலாது. 1882இல் எட்டயபுரத்தில் பிறந்து 1921இல் மறைந்த பாரதியின் பாடல்கள், அவர் மறைவுக்குப் பின் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் சிக்கின. பாடலின் ஒலிப்பதிவு உரிமை ஒரு திரைப்பட நிறுவனத்திடம் இருந்தது. மக்கள் குரல் எழுப்பினார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு முன்வந்து அந்த உரிமைகளைப் பெற்றுப் பொதுவாக்கியது. அந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே எழுதியிருக்கிறார். உரிமை பொதுவான பிறகு பிழை மலிந்த மலிவுப் பதிப்புகளும் வந்தன, உண்மைதான். ஆனால் பிழையைக் கண்டு திருத்த எவருக்கும் தடை இருக்கவில்லை. சீனி. விசுவநாதன் தனியொருவராகப் பாரதியைக் காலவரிசைப்படுத்தியதும், 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் நூல்களை மின்வடிவில் ஏற்றியதும் அந்தத் திறந்த வாசல் வழியேதான்.

கணினி ஆட்டத்திற்கு அந்த வாசல் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனம் 1999இல் வெளியிட்ட படைப்பின் உரிமை 95 ஆண்டுகள், அதாவது 2094 இறுதி வரை நீடிக்கும். புத்தகம் அவ்வளவு காலம் அலமாரியில் கிடக்கும். கரையான் அரித்தாலும் பாதியாவது மிஞ்சும். நிரலுக்கு அந்த ஆயுள் கிடையாது. அதை ஓட்டும் கருவி பத்தாண்டில் மாறிவிடும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. உரிமைக்காலம் முடியும்போது ஒப்படைக்க எதுவும் எஞ்சியிருக்காது. இடைக்காலத்தில் காப்பவர்கள் ஆர்வலர்கள். அவர்களுடைய வேலை பாராமுகமான அனுமதியில் நடப்பது. நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் நின்றுவிடும். நடத்துபவர் சலித்துப்போனாலும், வழங்கிக்குக் கட்டப் பணம் இல்லாமற்போனாலும் நின்றுவிடும். ஆர்வலர் குழுக்களுக்குள் பூசலும் உண்டு. ‘மக்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று நாம் நிம்மதியாக இருந்துவிட இயலாது.

நாம் கேட்பது பெரிதல்ல. விற்பதை நிறுத்திய ஆட்டத்தின் மூல நிரலை நூலகம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம். மறுபதிப்பு வந்தாலும் பழையதை வாங்கியவரிடமிருந்து பறிக்காமல் இருக்கலாம். ஏட்டுச்சுவடி தேடி உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தபோது சில வீடுகளில் ஏடு ஆற்றில் விடப்பட்டிருந்தது, சில வீடுகளில் கொடுக்க மறுத்தார்கள். கொடுத்த வீடுகளால்தான் 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

வகுப்புக்குத் திரும்புவோம். அந்த மாணவரும் தோழர்களும் நூலகத்தின் கிழிந்த படியை மேசையில் வைத்து, மறுபதிப்போடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டார்கள். மூன்று மாதம் ஆயிற்று. பதினொரு பக்கப் பிழைதிருத்தம் உருவானது. விடுபட்ட பாடவேறுபாடுகளைத் தனித்தாளில் தட்டச்சு செய்தார்கள். இப்போது எங்கள் துறையில் இருக்கும் மறுபதிப்புப் படிகள் ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் அந்தத் தாள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. முதல் பக்கத்தின் தலைப்பில் அந்த மாணவர் ‘யூசர்பேட்ச் 1.0’ என்று எழுதியிருந்தார். தமிழில் எழுதுமாறு சொல்ல வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டோம்.